ஆறே எபிசோடு, அதுக்கு காசு குடுத்து டிவிடி வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, லெஸ்லி நீல்சன் போலீசா நடிச்ச நேக்கட் கன் காமெடி படம் மூணும் எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு முன்னாடியே அதே நீல்சன் போலீஸ் ஸ்குவாட்னு ஒரு டிவி காமெடி பண்ணிருக்காரு, ஆறு எபிசோடோட நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டு அமெரிக்கா டிவிடி செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பாத்தவங்கள கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தன் படத்த விட இதான் டாப்புங்கறான், இன்னொருத்தன் ரெண்டாவது எபிசோடுலயே தூங்கிட்டேங்கறான். யாரை நம்பி வாங்கறது?

பதில்: ரெண்டு பேருமே பொய் சொல்லல தம்பி. 1982 மார்ச்ல ஏபிசி சேனல்ல இது வந்தப்பவே இதே கதைதான், நாலு எபிசோடு போட்டுட்டு தூக்கிட்டாங்க, மிச்சம் ரெண்ட ஜூலைல கடனேன்னு போட்டு முடிச்சாங்க. தூக்கினதுக்கு அந்த சேனல் பெரிய மனுஷன் சொன்ன காரணம் இருக்கே, இந்த ஷோவ ரசிக்கணும்னா ஒழுங்கா பாக்க வேண்டியிருக்குன்னாரு! பின்ன டிவிய பாக்காம மோந்தா பாப்பாங்க? ஆனா அவரு சொன்னதுலயும் விஷயம் இருக்கு, ஏன்னா இதுல பின்னாடி சிரிப்பு சத்தம் கிடையாது, எங்க சிரிக்கணும்னு யாரும் சொல்லித்தர மாட்டாங்க, நீல்சன் மூஞ்சியும் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரியே இருக்கும், ஜோக்கு பாதி அவருக்கு பின்னாடி ஓரமா நடந்துகிட்டு இருக்கும். டைட்டில்லயே சிறப்பு நடிகர்னு ஒருத்தர காட்டி அங்கயே கொன்னுடுவாங்க, அப்புறம் எபிசோடு முடியறவரைக்கும் அவரு வரவே மாட்டாரு. எபிசோடு பேரு திரையில ஒண்ணு இருக்கும், குரல் வேற ஒண்ணு படிக்கும். அந்த காலத்து சீரியல்ல கடைசி சீன்ல படம் அப்படியே உறையும்ல, இங்க படம் உறையாது, நடிகருங்கதான் அசையாம நிப்பாங்க, ஒரு எபிசோடுல ஊத்திகிட்டு இருந்த காபி மட்டும் கப்ப தாண்டி வழியும். ஃபோன நோண்டிகிட்டே பாத்தா இதுல ஒண்ணும் தெரியாது, உன் ரெண்டாவது ஃப்ரெண்டு கையில அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டு பாரு.

எனக்கு பிடிச்சது அந்த ஷூ பாலிஷ் போடற ஆளுதான். காசு குடுத்தா போலீசுக்கு துப்பு சொல்வான், அவரு எந்திரிச்சு போனதும் அடுத்து ஒரு டாக்டர் வந்து உக்காந்து ஆபரேஷன் எப்படி பண்றதுன்னு அவன்கிட்டயே காசு குடுத்து கேப்பாரு.

சரி, வாங்கற விஷயத்துக்கு வருவோம். மொத்தமே ரெண்டரை மணி நேரம்தான் ஓடும், நம்ம ஊரு படம் ஒண்ணு அளவு, சீரியல் செட்டு விலை சொன்னா குடுக்காத. 1988ல நேக்கட் கன் எடுத்தப்ப இதுல இருந்த ஜோக்க நிறைய திரும்ப போட்டுகிட்டாங்க, அதனால மனப்பாடமா இருக்கற உங்க வீட்டுக்கு சில இடம் பழசாத்தான் படும், அதுக்கும் தயாரா இரு. வார்த்தை விளையாட்டு ஜாஸ்தி வேற, சிகரெட்டான்னு நீட்டினா ஆமா சிகரெட்தான்னு பதில் சொல்ற ரகம், அம்மா அப்பாவும் கூட உக்காந்து பாப்பாங்கன்னா சப்டைட்டில் இருக்கான்னு பாத்துக்கோ.

முக்கியமா ரீஜன் நம்பர், அதாவது டிஸ்க் எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடும்னு போட்டு வெச்சிருக்கற பூட்டு. அமெரிக்கா டிவிடி ரீஜன் 1, நம்ம ஊரு ப்ளேயர் ரீஜன் 5, எல்லா ரீஜனும் ஓடற ப்ளேயரா இல்லன்னா டிஸ்க்க உள்ள தள்ளினதும் முடியாதுன்னு துப்பிடும். நானும் ஒரு தடவ இப்படி வெளிநாட்டு டிஸ்க் வாங்கி மாட்டிகிட்டேன், விக்கிறப்ப ஒண்ணுமே சொல்லாதவர் ரிட்டர்ன் கேட்டதும் அதெல்லாம் நீங்கதான் பாத்திருக்கணும்னுட்டாரு, அந்த டிஸ்க் இன்னும் அலமாரியில சும்மா கிடக்கு. இந்த ஷோவுக்கு 2020ல ப்ளூ ரே டிஸ்க்கும் வந்துச்சு, அதுக்கு ரீஜன் எழுத்துல இருக்கும், நம்மளுது சி, அமெரிக்காவுது ஏ. எதுவா இருந்தாலும் டப்பா பின்பக்கத்தையும் டிஸ்க் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, அதுக்கே இழுத்தடிச்சாருன்னா விட்டுட்டு வேற ஆள பாரு.