வைஃபையை அணைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள்

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆதாரையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் ஜேபிஜி படமாக, தலா 200 கேபிக்குள் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பவை பிடிஎஃப். இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களில் ஏற்றத் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
- வாசகி, தென்காசி

பதில்: தயக்கம் நியாயமானதுதான். முன்பு நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டிடிபி வேலை பார்த்தேன். ராத்திரி கடை சாத்தும்போது கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால், அன்றைக்கு வந்துபோனவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கிடக்கும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அழிக்க யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். எங்கேயோ இருக்கிற சர்வரில் அதைச் செய்தார்களா என்று நாம் போய்ப் பார்க்கவா முடியும்?

பிடிஎஃப்பைப் படமாக்க இணையமே வேண்டாம். கிம்ப் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிஎஃப்பைத் திறந்தால் எந்தப் பக்கம், எத்தனை ரெசல்யூஷன் என்று கேட்கும். 150 கொடுங்கள், ஏ4 தாள் 1240க்கு 1754 பிக்சலில் வரும், எழுத்து தெளிவாகவே இருக்கும். அப்புறம் எக்ஸ்போர்ட் போய், பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று முடியுங்கள். தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை வரும். பக்கத்திலேயே பிரிவியூவை டிக் செய்தால் கோப்பின் அளவும் தெரியும். 200 கேபிக்குள் வரும்வரை பட்டையை இடப்பக்கம் நகர்த்துங்கள். மேக் வைத்திருந்தால் இதுவும் வேண்டாம், பிரிவியூ செயலியிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது.

'கோப்பு உங்கள் பிரவுசரைவிட்டு வெளியே போகாது' என்று சொல்லும் தளங்களும் உண்டு. சிலவற்றில் அது உண்மைதான். பக்கம் முழுவதும் திறந்த பிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். படம் வந்துவிட்டால் வேலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடந்திருக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் மூடிவிடுங்கள். எப்படியானாலும் அந்தப் பக்கத்தை மூடிய பிறகே வைஃபையைப் போடுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். படமாக்கிய உடனே அந்தப் பூட்டு போய்விடும், யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். கல்லூரி ஒத்துக்கொண்டால், முதல் 8 இலக்கத்தை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' இறக்கி அதையே படமாக்குங்கள். விண்ணப்பம் போனதும் அந்த ஜேபிஜியை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள். மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கேயும்.