வாசகர் கேள்வி: எது சார் எழுதிய பாட்டு?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர், தொடர் ஓட்டப் பயிற்சியும் கொடுத்தவர், அண்மையில் காலமானார். நாட்டுப்புற மெட்டில் நிறையப் பாட்டுக் கட்டுவார். அவர் குரல் ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. மற்ற பாட்டெல்லாம் எங்கள் நினைவில்தான். அதையும் ஆளுக்கொரு விதமாகப் பாடுகிறோம். நினைவு மலரில் போட, எது சரியான வடிவம் என்று எப்படி முடிவு செய்வது?
- ஒரு பழைய மாணவி

பதில்: முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் போடுங்கள்.

எனக்கும் இப்படி ஒரு சார் வாய்த்தார். பகலில் கணக்கு, சாயங்காலம் 4x100 மீட்டர் தொடர் ஓட்டம். கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அதில் பாலபாடம். கோல் கைமாற அப்போது 20 மீட்டர்தான் இடம், இப்போது 30. திரும்பாமல் வாங்குவதற்காக ஒரு வரி கட்டியிருந்தார்: ‘கையைப் பின்னே நீட்டு, கண்ணை முன்னே ஓட்டு.’ முதலில் நடந்துகொண்டே பாடவேண்டும். ‘நீட்டு’ என்னும்போது கை பின்னால் போகும். ‘ஓட்டு’ முடிவதற்குள் கோல் உள்ளங்கையில் விழுந்திருக்கவேண்டும். பிறகுதான் ஓட்டம்.

இறுதிப் போட்டியில் நான் திரும்பிப் பார்த்தேன். கோல் தரையில் உருண்டது. திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் பெயரை வைத்து ஒரு புதுச் சரணம் வந்துவிட்டது! வருஷம் முழுக்கப் பள்ளியே பாடியது. இருந்த எரிச்சலில் நான் அதை எழுதி வைக்கவில்லை. இன்று ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

ஆளைப் பார்த்துச் சரணத்தை மாற்றுகிறவர் பாட்டில் ‘மூலம்’ எது? உங்கள் சாரும் வகுப்புக்கு வகுப்பு மாற்றித்தான் பாடியிருப்பார். அதனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் கீழே, பாடிக் காட்டியவர் எந்த ஆண்டு மாணவர், எந்தச் சமயத்தில் கேட்டார் என்று எழுதுங்கள்.

சரி, கேசட். அதன் முதுகு விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. இதை முதலில் செய்யுங்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, நாடாவைக் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்றியபின் பாடவிடுங்கள். கணினியில் எம்.பி.3-ஆக அல்லாமல், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குவதெல்லாம் நகலில்தான்.

அச்சிடுமுன் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். எழுதியவர் மறைந்த பிறகும் பெரும்பாலான நாடுகளில் குறைந்தது 50 ஆண்டுகளுக்குப் பாட்டின் உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

அப்புறம், கேலிச் சரணங்களைத் தேடும்போது கேலிக்கு ஆளானவரோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்குப் பின்னால் கோலோடு ஓடிவந்தவரையும் கேளுங்கள். என்னுடையதை நான் இப்போது அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.