அட்டன்பரோக்கள் பிரபு வம்சமா?

கேள்வி: இயற்கை ஆவணப்படங்களில் வரும் டேவிட் அட்டன்பரோவின் குடும்பப்பெயர் இங்கிலாந்திலேயே அபூர்வமானதாமே? அப்படியானால் அவர் முன்னோர்கள் பெரிய பிரபு வம்சமாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: அபூர்வம் என்பது சரி. நடுவில் பிரபு எங்கிருந்து வந்தார்?

அட்டன்பரோ என்பது நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில், டிரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஊரிலேயே இருப்பவரை யாரும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லாரும் அந்த ஊர்தானே! வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவருக்குத்தான் அந்த அடையாளம் ஒட்டும். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இப்படி ஒட்டிய அடையாளங்கள் பல, பிள்ளைகளுக்கும் தொடர்ந்து குடும்பப்பெயர்களாகிவிட்டன. சின்ன ஊரிலிருந்து எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்? நாட்டிங்ஹாம்ஷயர், டார்பிஷயர் வட்டாரத்தைத் தாண்டி இந்தப் பெயர் அதிகம் பரவாததும் அதனால்தான்.

இதற்கு மரபணுச் சாட்சியே உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது அது. அட்டன்பரோக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு ஒரே வகை. அதாவது, அநேகமாக எல்லாரும் ஒரே ஆளின் வாரிசுகள். ஸ்மித்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர்; ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தாரே! (மிச்சம் ஒருவர் எப்படி என்று கண்ணடிக்காதீர்கள். தத்துப்பிள்ளை இருக்கலாம், தாய் வழியில் பெயர் எடுத்தவர் இருக்கலாம்.)

பெயர் அரிதாவதற்கு அந்தஸ்து வேண்டியதில்லை. ஒரு தலைமுறையில் பெண் பிள்ளைகளாகவே பிறந்தால் போதும், அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். உங்களைப் போலவே பெரிய மனிதர்களின் குடும்பப்பெயர்களைப் பற்றி யோசித்தவர் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன். அவை ஏன் மறைகின்றன, வெறும் தற்செயல்தானா என்று 1873-இல் ஒரு கல்வி இதழின் கேள்விப் பகுதிக்கு எழுதிப்போட்டார். ஆமாம், அங்கேயும் கேள்வி-பதில்தான்! ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார்: தற்செயலே போதும், பிரபு பெயரானாலும் பண்ணையாள் பெயரானாலும். ஆனால் மனிதர் அதோடு நிறுத்தவில்லை. எல்லாக் குடும்பப்பெயர்களுமே கடைசியில் அழிந்துபோகும் என்றும் எழுதிவிட்டார். அந்தப் பிழையைத் திருத்த லட்சக்கணக்கில் ஸ்மித்கள் இருக்கிறார்கள்.