கல்லீரல் நோயாளியின் மனக்குழப்பம்: லாக்டுலோஸை நிறுத்தலாமா?

கேள்வி: சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய்) முற்றிய என் தந்தை பகலில் உறங்கி, இரவில் பிதற்றத் தொடங்கியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றே வயிற்றில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். லாக்டுலோஸ் மருந்தால் நாளுக்கு மூன்று முறை மலம் போகிறது. அதை நிறுத்தச் சொல்லலாமா? புரதத்தைக் குறைக்க வேண்டுமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். குடலில் உருவாகும் அம்மோனியா போன்ற நச்சுகளைச் சிதைந்த கல்லீரலால் அகற்ற இயலாதபோது அவை மூளையை எட்டுவதால்தான் உறக்கம் தலைகீழாகி, பேச்சும் குழறுகிறது. அந்த அம்மோனியாவைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவது லாக்டுலோஸ். நாளுக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் போவதுதான் மருத்துவர்கள் எதிர்பார்க்கும் அளவு. நீர்நீராகப் பலமுறை போனால் மட்டும் உடனே தெரிவியுங்கள். உடலில் நீர் வற்றினாலும் குழப்பம் கூடும் என்பதால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தூண்டுதல் இருக்கும்: நோய்த்தொற்று, உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ இரத்தக்கசிவு, மலச்சிக்கல், உப்புச்சத்துகளின் சீர்கேடு, தூக்க மாத்திரை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிகிச்சையில் பாதி. வயிற்று நீரில் தொற்று இருந்தும் காய்ச்சலோ வலியோ இல்லாமல் போகலாம் என்பதால், சேர்த்த அன்றே நீரைப் பரிசோதித்தது மிகச் சரியான செயல். அதில் நியூட்ரோஃபில் எனப்படும், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐ எட்டினாலே, கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவார்கள்; சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தையும் ஏற்றுவார்கள்.

புரதத்தைக் குறைப்பது பழைய வழக்கம். இன்று அது தவறு என்றே கருதப்படுகிறது. அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்குண்டு. புரதம் குறைந்தால் தசை கரையும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்திருப்பதால் இரவு முழுவதும் பட்டினியாக விடாமல், உறங்கும் முன் சிற்றுணவு கொடுங்கள். குறைக்க வேண்டியது உப்பை.

அவர் சாப்பிட்டுவந்த எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்நிலையில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். கறுத்த மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் செவிலியரை அப்போதே அழையுங்கள். வயிற்றில் நீரும் மனக்குழப்பமும் வந்துவிட்ட நிலையில், கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு அவர் தகுதியுடையவரா என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டுவிடுங்கள். லாக்டுலோஸை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.