சொந்தச் சீட்டுக்கட்டு அச்சடிக்கப் பணம் கட்டும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். சித்தி பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து, ரொம்பப் பிடித்த ஒரு அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கதைத்தொடரை வைத்து 60 சீட்டில் ஒரு விளையாட்டு தயாரித்திருக்கிறோம். படங்களை நெட்டிலிருந்து எடுத்தோம். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில், ‘300 ஜிஎஸ்எம் (அட்டையின் கனத்தைச் சொல்லும் எடைக் கணக்கு) ஆர்ட் கார்டு, ஒரு பக்க லேமினேஷன், 50 செட்டுக்குக் குறைந்து முடியாது, முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? மீதி செட்டுகளை விற்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் 60-ஐ 54 ஆக்கப் பாருங்கள். வழக்கமான சீட்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டால், டிஜிட்டல் அச்சில் ஓடும் 12 × 18 அங்குலத் தாளில் 18 சீட்டு அடங்கும். 54 சீட்டு என்றால் மூன்றே தாள். 60 என்றால் நாலாவது தாளில் ஆறு சீட்டுக்குப் போக மிச்சமெல்லாம் வீண். அதற்கும் காசு உங்களுடையதுதான். கதையில் வரும் ஒவ்வொரு சண்டையையும் சீட்டாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆட்டத்தில் கைக்கு வந்தும் யாரும் இறக்காத சீட்டு எது என்று பாருங்கள், குறைக்க வேண்டியது தானாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அச்சகமும் வேண்டாம். சாதாரண ஏ4 தாளில் பக்கத்துக்கு ஒன்பதாக அச்செடுத்து வெட்டி, பழைய சீட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் ஸ்லீவில் செருகி ஒரு மாதம் ஆடுங்கள். (‘சீட்டு’ என்றதும் ரம்மியோ என்று வீட்டில் திட்டு விழலாம். விளக்கிச் சொல்வது உங்கள் பொறுப்பு.)

ஒரு பக்க லேமினேஷன் நம் மாவட்டத்துக்கு ஆகவே ஆகாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் நமது. பூச்சில்லாத பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும், பூசிய பக்கம் அப்படியே நிற்கும், சீட்டு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன் கேளுங்கள். இன்னொன்று: மாதிரிச் சீட்டைக் கையில் வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். முன்பக்கப் படம் பின்னால் நிழலாகத் தெரிந்தால் அந்த அட்டை சீட்டுக்கு உதவாது. நல்ல சீட்டு அட்டையின் நடுவில் கறுப்பு அல்லது நீலப் படலம் இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. அது கிடைக்காவிட்டால் பின்பக்கம் கறுப்பான ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம்.

‘50 செட்’ என்பது உலோகத் தகடு (பிளேட்) செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சின் கணக்கு, அந்தத் தகட்டுச் செலவுக்காகச் சொல்வது. தகடு தேவைப்படாத டிஜிட்டலில் ஒரே ஒரு செட்டும் அடிக்கலாம். செட்டுக்கு விலை கூடினாலும் பரவாயில்லை, வெட்டி முடித்த ஒரு முழு செட் கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

விற்பதைப் பொறுத்தவரை: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்த 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. விற்பனைக்கு அந்தக் குடை கிடையாது. ஓவியம் பதிப்பகத்துடையது, பெயரும் சின்னமும் வணிகமுத்திரை. துரோகம் செய்யும் நண்பன், சக்தியை இழந்து திரும்பும் நாயகன் போன்ற பொதுவான கருக்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்து பலம் பெறும் ஒருத்தியை நீங்களே வரைந்தால் தாராளமாக விற்கலாம். எனக்கும் ஒரு செட் வாங்க ஆசைதான்.

கேள்வி: மருமகன் பிறந்தநாளுக்காக ஓர் இணைய அச்சு நிறுவனத்தில் ஒரு செட் ஆர்டர் செய்தேன். வந்ததைப் பார்த்தால் பின்பக்க பார்டர் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. அதுவும் எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. நீலச் சட்டை கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கேட்டால் ‘பிடிஎஃப்-ஐ நீங்கள்தானே ஓகே செய்தீர்கள்’ என்கிறார்கள். - குளச்சல் வாசகி

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள். போன் திரையின் பளிச் நீலம் அச்சு மையில் வராது. அந்தப் புகார் நிற்பது கஷ்டம். பார்டர் விஷயம் வேறு. சீட்டுக்குச் சீட்டு வெட்டு மாறினால் முதுகைப் பார்த்தே எந்தச் சீட்டு என்று சொல்லிவிடலாம், விளையாட முடியாது. பிடிஎஃப்-இல் வெட்டு தெரியாது, ஆகவே நீங்கள் ஓகே செய்தது அதற்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது வெட்டில் சகஜம் என்பார்கள். அதனால் நாலைந்து சீட்டை ஸ்கேலோடு வைத்து, வித்தியாசம் தெரியும்படி போட்டோ எடுங்கள். அடுத்த தடவை பார்டர் இல்லாமல் விளிம்புவரை ஓடும் டிசைன் போடுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

மார்த்தாண்டம் வாசகருக்கும் இதில் ஒரு செய்தி: விற்பதற்காக 50 செட் அடித்தால் சட்டம் அதை வணிக நோக்கம் என்று பார்க்கும். பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட முடியாவிட்டால், வெட்டு கோணினாலும் ஆணையத்துக்குப் போக முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான்.