மூன்று வாரக் குட்டிகளுக்கு எந்தப் பூச்சி மருந்து?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய் ஐந்து குட்டிகள் ஈன்று மூன்று வாரங்கள் ஆகின்றன. குட்டிகளுக்கு வயிறு உப்பியிருக்கிறது. ஒன்றின் மலத்தில் சேமியா போன்ற வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. பிள்ளைகளுக்கு வாங்கிய அல்பெண்டசோல் மருந்து மீதமிருக்கிறது. அதையே சிறிது கொடுக்கலாமா? ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினில் ஒரு சொட்டு போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகி, நத்தம்

பதில்: இரண்டுமே வேண்டாம். அல்பெண்டசோல் நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடியது. ஐவர்மெக்டின் விஷயத்தில் அந்த ‘ஒரு சொட்டு’தான் ஆபத்து. ஒரு சதவீத ஊசி மருந்தின் ஒரு சொட்டில் ஏறத்தாழ 500 மைக்ரோகிராம் இருக்கும். நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் அளவோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். ஒரு கிலோகூடத் தேறாத குட்டிக்கு அந்தச் சொட்டு நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம் வரை கொண்டுபோய்விடலாம்.

இந்த வயதுக்கு ஏற்றது பைரன்டெல் திரவ மருந்து. குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதாலும், உருண்டைப்புழு, கொக்கிப்புழு இரண்டையும் செயலிழக்கச் செய்து மலத்தோடு வெளியேற்றுவதாலும், இரண்டு வார வயதிலிருந்தே இதைக் கொடுக்கலாம். பைரன்டெலுடன் ஃபெபன்டெல் சேர்ந்த, நாய்க்குட்டிகளுக்கென்றே வரும் திரவ மருந்தும் நல்லது. மருத்துவர் ஃபென்பெண்டசோல் எழுதினால், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து மூன்று நாட்கள் கொடுக்க வேண்டியிருக்கும். பத்துக் கிலோ நாய்க்கான மாத்திரையைக் கண்ணளவில் பத்தாகப் பிய்த்துக் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மருந்தின் பெயரைவிட எடைதான் முக்கியம் என்பேன். ஒவ்வொரு குட்டியையும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் வைத்துத் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் கொழுத்தது ஒன்று, நோஞ்சான் ஒன்று இருக்கும். மருந்தின் செறிவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், கிலோவுக்கு எத்தனை மில்லி என்பதைப் புட்டியிலுள்ள சீட்டைக் காட்டி மருத்துவரிடம் உறுதிசெய்யுங்கள். ஊசி நீக்கிய ஒரு மில்லி சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாக மெல்ல விடுங்கள். அண்ணாந்த வாயில் பீய்ச்சினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒருமுறை கொடுத்தால் போதாது. தாயின் தசைகளில் உறங்கும் உருண்டைப்புழு இளம்புழுக்கள் சினைக்காலத்தின் பிற்பகுதியில் விழித்து நஞ்சுக்கொடி வழியாகவும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் குட்டிகளை அடைகின்றன. குடலுக்கு வந்துசேராத இளம்புழுக்களை மருந்து தொடாது. ஆகவே 2, 4, 6, 8 ஆகிய வாரங்களிலும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பதே முறை. உங்கள் குட்டிகளுக்கு இன்றே தொடங்கி, இரண்டு வார இடைவெளியில் தொடருங்கள். அதே நாளில் தாய்க்கும் அதன் எடைக்கேற்ப மருந்து தர வேண்டும்.

ஈறு வெளுத்து, மலம் தார்போலக் கறுத்துப் போனால் அது கொக்கிப்புழு இரத்தம் உறிஞ்சுவதன் அறிகுறி. அப்போது வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் இன்னொன்று: உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்பே தொற்றும் நிலையை அடைகின்றன, மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டியின் ஆசனவாயருகே அரிசி போன்றவை நெளிகின்றன. பைரன்டெல் கொடுத்தும் நிற்கவில்லை.
– வாசகர், தேனி

பதில்: அவை நாடாப்புழுவின் துண்டுகள். பைரன்டெல் அதற்குக் கேட்காது. பிராசிக்வான்டெல் சேர்ந்த மருந்தை எடைபார்த்துக் கொடுக்க வேண்டும். இப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியைக் குட்டி கடித்து விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் அரிசி மறுபடியும் தெரியும். குட்டியின் வயதுக்கேற்ற தெள்ளு மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள்.