வலைக்குள் ஒரு காய்

வணக்கம் ஐயா.

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் வேலிக்கம்பி முழுக்க ஒரு கொடி படர்ந்திருக்கிறது. காயைச் சுற்றிப் பச்சை வலை. தொட்டால் கை பிசுபிசுக்கிறது, இலையைக் கசக்கினால் நாற்றம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அதை 'லெத்துப் லெத்துப்' என்கிறார். என் மாமியார் சொடக்குத் தக்காளி என்று அடித்துச் சொல்கிறார். மகன் கைப்பேசியில் பார்த்துவிட்டு பாஸிஃபுளோரா ஃபெட்டிடா என்றான். "இந்த ஊர்ச் செடிக்குத் தமிழில் எப்படியம்மா பெயர் இருக்கும்?" என்றும் கேட்டான். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

வணக்கம் அம்மா.

மகன் சொன்ன லத்தீன் பெயர் சரி. ஆனால் அது இந்த ஊர்ச் செடி அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. பினாங்குக்கு எப்படியோ அப்படித்தான் தமிழ்நாட்டுக்கும் அது வெளியூர்க்காரர். அங்கே இருந்தவர்கள் பெயருக்காக யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தொட்டால் அரிக்கும் பூனைக்காலி என்றொரு கொடி ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. புதிதாக வந்ததைச் சிறுபூனைக்காலி என்றார்கள். முப்பரிசவல்லி என்று கம்பீரமாக இன்னொரு பெயரும் உண்டு. மூன்றாவதும் ஒன்று உண்டு. அது பூனையின் காலை விட்டுவிட்டு வேறோர் உறுப்பைச் சொல்வது. இங்கே எழுத மாட்டேன்.

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. மலாய்க்காரர்கள் இந்தக் கொடியையும் சொடக்குத் தக்காளியையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். 'லெத்துப்' என்றால் வெடிப்பது. உறையோடு இருக்கும் காயை நெற்றியில் அடித்துச் சொடக்கென்று சத்தம் எழுப்பிய பிள்ளைகள் இரண்டு மொழிகளிலும் இருந்திருக்கிறார்கள். அக்கா சொன்ன பெயரை மாமியார் தமக்குத் தெரிந்த செடியோடு பொருத்தியிருக்கலாம். ஆனால் சொடக்குத் தக்காளி எதையும் பற்றிக்கொண்டு ஏறாது, தரையில் நிற்கும் சிறு செடி. அதன் காயை மூடியிருப்பது தாள்போன்ற முழு உறை. நீங்கள் வேலியில் பார்த்ததற்குப் பற்றுக்கம்பிகள் உண்டு, காயைச் சுற்றி இருப்பது கிழிந்த வலை.

அந்த வலையை, காயைப் பறிக்காமல் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இழைகளின் நுனியில் சொட்டுச் சொட்டாகப் பிசின் மினுங்கும். பொடிப் பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். 1995இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று, இந்த வலையில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருப்பதைக் காட்டியது. காய்க்குக் காவலாக நிற்பது, சிக்கியதைக் கொஞ்சம் தின்னவும் செய்யலாம். நாயுருவி நம் வேட்டியில் ஒட்டுவது வேறு வகை: அங்கே பிசின் இல்லை, கூர்முனைகள்தான் மாட்டுகின்றன.

காய் பச்சையாக இருக்கும்போது பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதில் சயனைடை வெளியிடும் பொருள்கள் உண்டு. மஞ்சளோ ஆரஞ்சோ ஆகிப் பழுத்ததைத்தான் தின்பார்கள்.

மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஜெலுத்தோங் வழியாகப் போயிருப்பான். அந்த ஊர்ப்பெயரே பால் வடியும் ஒரு மரத்தின் பெயர். அந்தப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யக் கப்பலேறியது. பிறகு வேளை என்ற கீரை. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். நல்வேளை என்று நாம் சொல்லும் அந்தப் பிசுபிசுப்பான கீரைதான் மலாய்க்காரர்களின் 'மாமான்'. நெகிரி செம்பிலானின் கெமெஞ்செயில் அதில் ரெண்டாங் என்ற தேங்காய்ப்பால் குழம்பு சமைக்கிறார்கள், கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான். அதன் மஞ்சள்பூ உறவுக்காரச் செடியும் கையில் ஒட்டும், வாடையும் அதிகம். அதற்கு நாய்வேளை என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். விதை கடுகுபோல் இருப்பதால் நாய்க்கடுகு என்றும் சொல்வார்கள்.

ஆகவே, எழுதும்போது சிறுபூனைக்காலி என்று எழுதுங்கள், அக்காவிடம் பேசும்போது லெத்துப் லெத்துப் என்றே சொல்லுங்கள். மருந்துக்கோ சமையலுக்கோ பறிப்பதானால் மட்டும் மகனின் லத்தீன் பெயரை வைத்துச் சரிபாருங்கள், ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருப்பதை இப்போது பார்த்தோமே.

மாமியார் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவரா? பால்வெட்டுக் காலத்தில் அங்கே இந்தக் கொடியை என்னவென்று சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பூனையின் மூன்றாவது பெயராக இருந்தாலும் பரவாயில்லை.